கல்கத்தாவில் ஆடிய வியன்னா ஆட்டம்

1922-இல் வியன்னாவில் சதுரங்க வீரர் எர்ன்ஸ்ட் குரூன்ஃபெல்ட் கறுப்புக் காய்களோடு அலெகினைச் சாய்த்தார். அவர் கையாண்ட ஓப்பனிங்கை இன்று உலகமே ‘குரூன்ஃபெல்ட் தற்காப்பு’ என்கிறது. அதற்கு 67 ஆண்டுகள் முன்பே, 1855 மே மாதம், கல்கத்தாவில் ஒருவர் அதை ஆடிவிட்டார். பெயர் மகேஷ்சந்திர பானர்ஜி. எதிரே வெள்ளைக் காய்களோடு உட்கார்ந்திருந்தவர் ஸ்காட்லாந்து வழக்கறிஞர் ஜான் கோக்ரேன்.

பலகை இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை டி4, கறுப்பு குதிரை எஃப்6. வெள்ளை சி4, கறுப்பு ஜி6. வெள்ளைக் குதிரை சி3-க்கு வந்ததும் கறுப்பு டி5. அவ்வளவுதான் ஓப்பனிங். நடுப்பலகையை வெள்ளைக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, ஜி7-இல் பதுங்கும் மந்திரியால் அதைக் குடைவதே சூட்சுமம். மகேஷ் பிசகாமல் செய்தார். சி5 சிப்பாய், சி6 குதிரை, ஜி4-இல் இன்னொரு மந்திரி என்று எல்லாமே டி4 கட்டத்தைக் குறிவைத்தவை.

சிப்பாயை ஜி6-க்கு ஒரே கட்டம் நகர்த்தி, பின்னால் மந்திரியைப் பதுக்கும் இந்த யோசனை எங்கிருந்து வந்தது? அன்றைய நம் நாட்டுச் சதுரங்கத்தில் பெரும்பாலும் சிப்பாய்க்கு முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான். அப்படி நிதானமாக நகர்த்திப் பழகிய கை, ஐரோப்பிய விதிக்கு மாறிய பிறகும் பழக்கத்தை விடவில்லை என்பது என் கணிப்பு.

ஆனால் மகேஷ் தோற்றார். 14-ஆவது நகர்வில் யானையை எஃப்8-இலிருந்து இ8-க்கு மாற்றினார் பாருங்கள், எஃப்7 சிப்பாயின் காவலில் பாதி அங்கேயே போனது. பி3-இல் வெள்ளை ராணி காத்திருந்தது. 17-இல் கோக்ரேனின் குதிரை ஜி5-க்கு வந்தது, அடுத்து எஃப்7 சிப்பாயை வெட்டியது. மகேஷ் பதிலுக்கு ராணியைத் தாக்கக் குதிரையை ஏ5-க்குத் தூக்கினார். அதோடு கதை முடிந்தது. குதிரை எச்6-க்குத் தாவினால் இரட்டைச் செக். ராஜா மூலைக்கு ஓடினால், ராணி ஜி8-இல் போய் விழும். யானை அதை வெட்டியே ஆக வேண்டும். குதிரை மறுபடி எஃப்7-க்கு வர, சொந்தக் காய்களுக்கு நடுவே நசுங்கி ராஜா மேட்!

தோல்விக்கு ஓப்பனிங்கைக் குறைசொல்லக் கூடாது. 2010-இல் சோபியாவில், உலகப் பட்டத்துக்கான முதல் ஆட்டத்தில் நம் ஆனந்தும் இதே தற்காப்பை ஆடித்தான் டோபலோவிடம் தோற்றார். ஆனாலும் பட்டத்தை ஆனந்த்தான் தக்கவைத்தார்.

கோக்ரேனுக்குக் குதிரையைக் காவு கொடுப்பதில் தனி மோகம். 1848-இல் இதே மகேஷுக்கு எதிராக, நாலாவது நகர்விலேயே எஃப்7-இல் குதிரையைப் பலியிட்டிருக்கிறார். அந்த ஆட்டம் அடுத்த வாரம்.