சிறுநீர் வாடை

சிறுநீரில் ஏறத்தாழ 95 விழுக்காடு தண்ணீர். மீதியில் பெரும்பங்கு யூரியா. யூரியாவுக்கு மணமில்லை. ஆகவே போதிய தண்ணீர் குடிப்பவரின் சிறுநீர் கழித்தவுடன் லேசாகத்தான் வீசும். பேருந்து நிலையக் கழிப்பறையில் மூக்கைத் துளைக்கும் நெடி, பாக்டீரியாக்கள் யூரியாவைச் சிதைத்து உண்டாக்கும் அம்மோனியாவுடையது. வெயிலில் அலைந்து உடலில் நீர் வற்றினால் சிறுநீர் அடர்ந்து வாடை கூடும்.

பூண்டும் காபியும் தம் மணத்தைச் சிறுநீரில் விட்டுச்செல்லும். மேலைநாட்டார் விரும்பி உண்ணும் ஆஸ்பரகஸ் தண்டு செரிக்கையில் கந்தகச் சேர்மங்கள் பிறந்து, அழுகிய முட்டைக்கோசு வாடை அடிக்கும். அதை முகரவே முடியாதவர்களும் உண்டு. மூக்கின் அந்த வேறுபாடு மரபணு சார்ந்தது.

சித்த மருத்துவத்தின் நீர்க்குறிச் சோதனையில் நிறம், எடை, நுரை, எஞ்சல் ஆகியவற்றோடு மணமும் ஒரு குறி. நீரிழிவில் சிறுநீர் இனிப்பு மணம் வீசுவதற்குச் சர்க்கரையே காரணம் என்று பலர் நினைப்பதுண்டு. சர்க்கரைக்கு மணம் ஏது? இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது சேரும் கீட்டோன்களே பழவாடையைத் தருகின்றன. இத்துடன் வாந்தியும் மூச்சிரைப்பும் இருந்தால் அது அவசர நிலை. சிறுநீர்த் தொற்றிலும் வாடை கெடும். ஆனால் எரிச்சலோ காய்ச்சலோ இன்றி, வாடையை மட்டும் வைத்துத் தொற்று என்று முடிவுகட்ட முடியாது.

1934-இல் நார்வே மருத்துவர் அஸ்பியோர்ன் ஃபோலிங், ஒரு தாய் தன் இரு பிள்ளைகளிடம் விசித்திர வாடை வருவதாகச் சொன்னதைத் தட்டிக்கழிக்காமல் அவர்களின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடைச் சேர்த்தார். அது பச்சையாக மாறியது. பின்னாளில் ஃபீனைல்கீட்டோன்யூரியா எனப்பட்ட பிறவி நோய் அப்படித்தான் பிடிபட்டது.

நமக்கு நெருக்கமான உதாரணம் வெந்தயம். அதன் மணத்துக்குக் காரணமான சோட்டோலோன் சிறுநீரிலும் வியர்வையிலும் வெளியேறும். லூசின் முதலிய அமினோ அமிலங்களை உடல் சிதைக்க இயலாத, மேப்பிள் பாகுச் சிறுநீர் நோய் என்ற அரிய பிறவிக் கோளாறிலும் அதே சேர்மம் சிறுநீரில் காணப்படுகிறது. 1954-இல் ஜான் மென்கிஸும் சக மருத்துவர்களும் இந்நோயை விவரித்தனர். பிரசவத்துக்குச் சற்று முன் வெந்தயம் சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகளிடம் இந்த மணம் வந்து, மருத்துவர்கள் அந்நோயைச் சந்தேகித்ததுண்டு. சோதித்தால் குழந்தைக்கு ஒன்றுமில்லை. அதற்காக, பால் குடிக்காமல் துவண்டு கிடக்கும் சிசுவிடம் இம்மணம் வந்தால் வெந்தயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது. இரத்தத்தில் லூசின் அளவை உடனே பார்க்க வேண்டும்.