மயக்கத்துக்கு முந்தைய பரிசோதனையில் மறைந்த தமனி நோய்

இத்தலைப்பு, அறுவை சிகிச்சைக்கு முன் மயக்கவியல் மருத்துவர் நோயாளியைப் பார்க்கும்போது, அதுவரை தொந்தரவு எதுவும் தராத தமனி அடைப்பையோ தமனி அழற்சியையோ கண்டறிவதைக் குறிக்கும். மருத்துவமனைப் பேச்சில் ‘அனஸ்தீசியா ஃபிட்னஸ்’ எனப்படும் சோதனையின் ஒரு பகுதி இது. குடலிறக்கத்துக்கோ பித்தப்பைக் கல்லுக்கோ வந்தவரிடம் இதயத் தமனிகள், கழுத்துத் தமனிகள், காறை எலும்புக்கு அடியில் ஓடிக் கைக்கு இரத்தம் தரும் தமனி, பெருந்தமனி, கால் தமனிகள் ஆகியவற்றின் நிலை ஆராயப்படுகிறது. இதற்கு முதலில் வேண்டியவை மருத்துவரின் விரல்களும் ஸ்டெதஸ்கோப்பும் இரத்த அழுத்தக் கருவியும்தான். இம்மூன்றையும் முழுமையாகப் பயன்படுத்தும் முன்பே விலைமிக்க சோதனைகளுக்கு எழுதிக்கொடுக்கும் வழக்கம் பரவியிருக்கிறது.

மறைந்திருப்பதன் காரணம்

தமனி மெல்ல மெல்லச் சுருங்கும்போது அதற்கு அப்பாலுள்ள நுண்தமனிகள் விரிந்துகொடுக்கின்றன. பக்கக் கிளைகளும் வளர்கின்றன. ஓய்வாக இருக்கும்வரை இரத்தம் போதுமான அளவு போய்ச் சேரும். நோயாளியும் தன்னையறியாமல் நடையைக் குறைத்துக்கொள்வார். மூட்டுவலி, வயது என்று காரணம் சொல்வார். சர்க்கரை நோயால் நரம்பு கெட்டிருந்தால் நெஞ்சுவலி தெரியாமலே போகலாம். கால் தமனி அடைபட்டவரின் நிலை இன்னும் சிக்கலானது. இதயத்துக்குச் சுமை ஏறும் முன்பே கெண்டைக்கால் வலித்து அவர் நின்றுவிடுவதால், நெஞ்சுவலி வந்ததுண்டா என்று கேட்டால் ‘இல்லை’ என்பார். அந்த ‘இல்லை’க்கு மதிப்புக் குறைவு.

மயக்க மருந்து இந்தச் சமநிலையைக் கலைக்கிறது. இரத்த அழுத்தம் இறங்குகிறது; விரிய வேண்டிய அளவு ஏற்கெனவே விரிந்துவிட்ட நுண்தமனிகளால் மேலும் ஈடுகொடுக்க இயலாது. மூச்சுக்குழாயில் குழாய் செலுத்தும்போதும் வலியின்போதும் இதயத் துடிப்பு விரைகிறது. இதயத் தசைக்கு இரத்தம் பாய்வது பெரும்பாலும் துடிப்புகளுக்கு இடையிலான ஓய்வு வேளையில். விரைவு கூடினால் அந்த வேளை குறுகும். அறுவைக்குப் பிந்தைய மாரடைப்புகளில் பெரும்பாலானவை முதல் 2, 3 நாட்களில், வலிநிவாரணிகளின் மறைவில், நெஞ்சுவலி இன்றியே நிகழ்கின்றன.

வரலாறு

கால் தமனி நோய் உழைப்பின்போதே வெளிப்படும் என்பது முதலில் ஒரு குதிரையிடம் காணப்பட்டது. 1831-இல் பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் பூலே, சற்று ஓடியதும் பின்னங்கால் நொண்டி, நின்றதும் தேறிவிடும் குதிரையை ஆராய்ந்து, தொடைத் தமனி அடைபட்டிருந்ததை விவரித்தார். 1858-இல் ழான் மார்ட்டின் ஷார்கோ அதே நிலையை மனிதரிடம் கண்டார். அந்த நோயாளியின் இடுப்புத் தமனி பழைய துப்பாக்கிக் குண்டுக் காயத்தால் கெட்டிருந்தது. இன்று மருத்துவர்கள் கேட்கும் ‘எவ்வளவு தூரம் நடந்தால் வலிக்கிறது?’ என்ற கேள்வி இவ்விருவரின் வழிவந்தது.

மயக்கவியலின் பக்கத்தில் தொடக்கம் 1894-95. ஹார்வர்டில் மாணவர்களாக இருந்த ஹார்வி குஷிங், எர்னஸ்ட் கோட்மன் இருவரும் ஈதர் கொடுக்கும்போது நாடித் துடிப்பைத் தாளில் குறித்துவைக்கத் தொடங்கினர். 1896-இல் இத்தாலியர் ரிவா-ரோச்சி புயத்தில் பட்டை கட்டி அழுத்தம் அளக்கும் கருவியை வெளியிட்டார். 1901-இல் பாவியா நகரில் அதைக் கண்ட குஷிங் அமெரிக்காவுக்குக் கொண்டுசென்று அறுவை அரங்கில் புகுத்தினார். 1905-இல் ரஷ்யரான கொரோட்கோவ், பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கும் முறையைச் சொன்னார். ஒரு கையில் மட்டும் அளந்து நிறுத்திக்கொள்ளும் பழக்கமும் இக்கருவியோடேயே வந்ததுபோலும்.

1908 இத்துறைக்கு முக்கியமான ஆண்டு. ஜப்பானின் கனாசாவாவைச் சேர்ந்த கண் மருத்துவர் மிகிட்டோ தகாயாசு, இளம்பெண் ஒருவரின் விழித்திரையில் இரத்தக்குழாய்கள் மாலைபோல் வளைந்து இணைந்திருந்ததை ஒரு மருத்துவக் கூட்டத்தில் விவரித்தார். அதே கூட்டத்தில் ஓனிஷி, ககோஷிமா என்ற மருத்துவர்கள், தாங்கள் கண்ட இத்தகைய நோயாளிகளுக்கு மணிக்கட்டில் நாடியே இல்லை என்றனர். ஆகவே தமனி அழற்சியான இந்தத் தகாயாசு நோய்க்கு ‘நாடியற்ற நோய்’ என்ற பெயரும் ஏற்பட்டது. அதே ஆண்டு நியூயார்க்கில் லியோ பர்கர், புகையிலைப் பழக்கமுள்ள இளைஞர்களின் கைகால் தமனிகள் அடைபடும் நோயை விவரித்தார். பீடி பரவலாகப் புகைக்கப்படும் இந்தியாவில் பர்கர் நோய் இன்றும் மறையவில்லை.

பர்கர் நோயைக் கண்டறிய மேயோ கிளினிக்கின் எட்கர் ஆலன் 1929-இல் ஒரு சோதனை வகுத்தார். நோயாளி கையை இறுக மூட வேண்டும். மருத்துவர் மணிக்கட்டுத் தமனியை அழுத்திப் பிடித்து, கையைத் திறந்ததும் நிறம் திரும்புகிறதா என்று பார்ப்பார். 1952-இல் இர்விங் ரைட் இதைத் திருத்தினார். பின்னர் மணிக்கட்டுத் தமனியில் அழுத்தமானி ஊசி செலுத்தும் வழக்கம் வந்தபோது, ஊசிக்கு முன் கட்டாயம் செய்ய வேண்டிய சடங்காக அது மாறியது. 1983-இல் ஸ்லோகாஃப் குழுவினர் சுமார் 1,700 நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்டனர். சோதனையின் முடிவு எதுவாயினும் கை பாதிக்கப்படவில்லை. ஆலன் சோதனை பின்விளைவை முன்கூட்டிச் சொல்லாது.

இந்தியாவில் தகாயாசு நோய் வயிற்றுப் பெருந்தமனியையும் சிறுநீரகத் தமனியையும் அதிகம் தாக்குகிறது. ஜப்பானில் பெருந்தமனி வளைவையே பெரிதும் தாக்குகிறது. ஆதலால் இங்கு நோயாளி நாடி இல்லை என்று வருவதைவிட, இளம்வயதில் கட்டுக்கடங்காத இரத்த அழுத்தத்துடன் வருவதே அதிகம். பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையின் பி. கே. சென் 1963-இல் நடுப் பெருந்தமனிச் சுருக்கத்தைப் பற்றி எழுதினார். நோயின் தீவிரத்தை அளக்கும் ‘ஐடாஸ் 2010’ என்ற மதிப்பெண் முறையும் இந்திய மருத்துவர்களின் ஆக்கம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அதில் பெரும்பங்கு உண்டு.

வகைப்பாடுகள்

கால் தமனி நோய்க்கு 1954-இல் ஃபோன்டேன் 4 நிலைகள் வகுத்தார்: அறிகுறியின்மை, நடைவலி, ஓய்விலும் வலி, புண் அல்லது அழுகல். மயக்கவியலருக்கு முக்கியமானது யாரும் பொருட்படுத்தாத முதல் நிலையே. தகாயாசு நோயை நுமானோ 1996-இல் தமனிப் படங்களின் அடிப்படையில் 5 வகைகளாக்கினார்.

இதய ஆபத்தைக் கணிக்க 1977-இல் லீ கோல்ட்மன், 40 வயதைக் கடந்த 1,001 பேரை ஆராய்ந்து 9 காரணிகள் கொண்ட மதிப்பெண் பட்டியலை வெளியிட்டார். 1999-இல் தாமஸ் லீ அதை 6 காரணிகளாகச் சுருக்கினார். பக்கவாத வரலாறு லீயின் பட்டியலில் உண்டு. கால் தமனி நோய் இல்லை. இது சிறிய குறையன்று. 1984-இல் கிளீவ்லாந்து கிளினிக்கின் ஹெர்ட்சர் குழு, இரத்தக்குழாய் அறுவைக்கு வந்த 1,000 பேருக்கு இதயத் தமனிப் படம் எடுத்தபோது, சீரான தமனிகள் பத்தில் ஒருவருக்குக்கூட இல்லை.

செய்முறை

இரு மணிக்கட்டுகளிலும் நாடியை ஒரே நேரத்தில் தொட்டுப் பார்ப்பதும், கை நாடியையும் தொடை நாடியையும் ஒப்பிடுவதும் முதற்படி. தொடை நாடி தாமதித்தால் பெருந்தமனிச் சுருக்கம் இருக்கலாம். இரத்த அழுத்தம் இரு கைகளிலும் அளக்கப்பட வேண்டும். மேல் அளவில் 15 மி.மீ.க்கு மேற்பட்ட வேறுபாடு, குறைந்த பக்கத்துத் தமனி சுருங்கியிருப்பதன் அடையாளமாக இருக்கலாம். இடப் பக்கமே அதிகம் பாதிக்கப்படும். இதை அறியாமல் நோயுற்ற கையில் பட்டை கட்டினால் கருவி தாழ்ந்த அளவைக் காட்டும். அதை நம்பி அழுத்தம் ஏற்றும் மருந்து கொடுத்தால், மூளையும் இதயமும் மிகை அழுத்தத்துக்கு ஆளாகும். நெஞ்சறைத் தமனியைக் கொண்டு பைபாஸ் செய்துகொண்டவருக்கு இடக்கைத் தமனிச் சுருக்கம் இதயத்தின் இரத்தத்தையே குறைக்கக்கூடும். இரு கைகளிலும் இரு கால்களிலும் நாடி மங்கிய தகாயாசு நோயாளிக்கு எங்கே அளப்பது என்பதை முதல்நாளே முடிவு செய்து எழுதிவைக்க வேண்டும். கழுத்தை அளவுமீறிப் பின்னுக்குச் சாய்க்கவும் கூடாது.

கணுக்கால் அழுத்தத்தை டாப்ளர் கருவியால் அளந்து கை அழுத்தத்தால் வகுத்தால் கிடைக்கும் விகிதம் 0.90 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் கால் தமனி நோய். 1.40-ஐத் தாண்டினால் தமனி சுண்ணாம்பேறி இறுகியிருக்கிறது. சர்க்கரை நோயாளிகளிடமும் சிறுநீரக நோயாளிகளிடமும் இது காணப்படும். அப்போது விகிதத்தை நம்ப இயலாது. கழுத்தில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் கேட்கும் இரைச்சல் சுருக்கத்தைக் காட்டலாம். மிகக் கடுமையான அடைப்பில் அந்த இரைச்சல் அடங்கிவிடுவதும் உண்டு.

தற்போதைய நிலை

அறுவைக்கு முன் இதய அடைப்பைச் சீர்செய்வதால் பெரும்பாலோருக்கு ஆயுள் கூடுவதில்லை என்பதை, 510 பேரிடம் நடந்து 2004-இல் வெளியான கார்ப் ஆய்வு காட்டியது. ஆகவே நிலையான நோயாளிகளுக்கு ஸ்டென்ட் இப்போது அறுவைக்காகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. ‘மாடிப்படி ஏறுவீர்களா?’ என்று கேட்டு மருத்துவர் தாமே கணிப்பது நம்பத்தக்கதன்று என 2018-இல் மெட்ஸ் ஆய்வு காட்டியபின், வினாப்பட்டியலும் இரத்தப் பரிசோதனைகளும் அதன் இடத்தைப் பிடித்துவருகின்றன.