கதவு சாத்திய கோப்பு

ஊர்க்காரர்கள் டாடா இன்ஸ்டிடியூட் என்று அழைக்கும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1970-ல் கணினி மையம் வந்தது. அங்கிருந்த ஐபிஎம் 360/44-ஐ ஆராய்ச்சியாளர்கள் தொட வேண்டியதே இல்லை. துளையிட்ட அட்டைக் கட்டைக் கவுண்டரில் கொடுத்துவிட்டு, பிறகு வந்து விடையை வாங்கிக்கொண்டார்கள். இயந்திரத்தைப் பழுது பார்க்க வேண்டுமானால் அட்டை வாங்குவதை நிறுத்தினால் போதும். ஆனால், கவுண்டரே இல்லாத கணினிகள் உலகெங்கும் முளைத்துக்கொண்டிருந்தன.

யூனிக்ஸ் இயங்குதளம் ஓடிய கணினியில் பலர் ஒரே நேரத்தில் தத்தம் டெர்மினலில் வேலை பார்த்தார்கள். சொல்லாமல் அணைத்தால் அத்தனை பேர் உழைப்பும் பாழ். 1977-ல் சிட்னியில் இயன் ஜான்ஸ்டன் ‘ஷட்டவுன்’ என்ற நிரலை எழுதினார். கணினி நிற்கப்போகிறது என்று எல்லாத் திரைகளிலும் அறிவித்துவிட்டு அதுவே அணைக்கும். மெல்போர்னில் ராபர்ட் எல்ஸ் 1978-லும், பீட்டர் லாம்ப் 1980-லும் அதில் கை வைத்தார்கள். ஒரு சிக்கல் மட்டும் இருந்தது: அறிவிப்பைப் பார்த்துப் பத்துப் பேர் வெளியேறும்போதே, அதைப் பார்க்காத பத்துப் பேர் உள்ளே நுழையலாம்.

1981-ல் நிரல் கடல் தாண்டி கலிபோர்னியாவின் பெர்க்லிக்குப் போனது. பின்னாளில் சன் மைக்ரோசிஸ்டம்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் ஜாய், ‘ரோக்’ என்ற கணினி விளையாட்டைப் படைத்தவர்களில் ஒருவரான மைக்கேல் டாய், இவர்களோடு டேவ் பிரசோட்டோ என மூவர் அதை மாற்றி எழுதினார்கள். 1983-ல் பெர்க்லியின் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸ் வெளியானபோது, புதியவர்கள் நுழையும் வழி அடைபட்டிருந்தது. அடைத்தது ஒரே ஒரு கோப்பு!

அதன் பெயர் ‘நோலாகின்’. அணைக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஷட்டவுன் அதை உருவாக்கும். கடவுச்சொல் சரியாக இருந்தாலும், அந்தக் கோப்பு கண்ணில் பட்டால் லாகின் நிரல் அதிலுள்ள எச்சரிக்கையைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடும். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களைத் தொடாது. ‘ரூட்’ என்ற நிர்வாகி கணக்குக்கு மட்டும் விலக்கு. இல்லாவிட்டால் பழுது பார்ப்பவரும் வெளியே நிற்க வேண்டியதுதான். சரி, வேலை முடிந்தும் அந்தக் கோப்பு அங்கேயே கிடந்தால்?

அதற்கும் வழி பிறந்தது. கணினி மீண்டும் எழும்போதே அதை அழிக்கும் கட்டளை தொடக்க நிரலில் சேர்ந்தது. பிற்கால லினக்ஸ் இயங்குதளத்தில், நினைவகத்தில் மட்டும் வாழும் ‘ரன்’ அடைவிலும் அதற்கு இடம் கிடைத்தது. மறுதொடக்கத்தில் தானாகவே மறைந்துவிடும்.

2022-ல் அதே பெங்களூரு வளாகத்துக்கு 3.3 பெட்டாஃப்ளாப்ஸ் திறனுள்ள ‘பரம் பிரவேகா’ மீத்திறன் கணினி வந்தது. அதை இயக்குவதும் லினக்ஸ்தான். இவ்வளவு பெரிய கணினியிலும் சாதாரணப் பயனர்களைச் சற்று நேரம் வெளியே நிறுத்தி வைக்க, ஓர் எழுத்துகூட இல்லாத காலிக் கோப்பு ஒன்று போதும்.