பத்துப் பேர் சேராத ஊர்

சென்ற வாரம் கண்டியின் வழிபாட்டிடங்களை எழுதியபோது தலதா மாளிகை, அதன் மதிலோரம் நிற்கும் சென் போல்ஸ் தேவாலயம், மீரா மக்காம் பள்ளிவாசல், கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் என்று ஒரு சுற்று வந்தோம். வாசகர் ஒருவர் விடவில்லை. "யூதருக்கு மட்டும் இடமில்லையா?" என்று கேட்டுவிட்டார்.

இடம் இருந்தது, ஆள்தான் சேரவில்லை. யூதர் கூட்டுத் தொழுகைக்கு வயதுவந்த ஆண்கள் பத்துப் பேராவது கூட வேண்டும். ஒன்பது பேர் வந்து காத்திருந்தாலும் சில பிரார்த்தனைகளைச் சொல்ல முடியாது.

கொச்சியில் அந்தக் குறை இருக்கவில்லை. மட்டாஞ்சேரி அரண்மனையை ஒட்டி 1568இல் பரதேசி யூதர்கள் தொழுகைக்கூடம் கட்டினார்கள். 1662இல் போர்த்துக்கேயர் அதைச் சிதைத்தார்கள். அடுத்த ஆண்டே ஒல்லாந்தர் கொச்சியைப் பிடித்ததால் கூடம் மறுபடி எழுந்தது. தரையில் பதித்த நீலச் சித்திர ஓடுகள் 18ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து வந்தவை. ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை என்பார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து ஏழெட்டு ஓடுகளை நானும் ஒப்பிட்டேன். பின்னால் வரிசை நீண்டதால் எட்டோடு ஆராய்ச்சி முடிந்தது.

இலங்கைக்கும் யூதர் புதியவர்கள் அல்லர். செரந்தீப் மன்னனின் ஆலோசகர் பதினாறு பேரில் நால்வர் யூதர் என்று 12ஆம் நூற்றாண்டில் அல் இத்ரீசி எழுதினார். ஆனால் கண்டிச் சீமையில் அவர்கள் சுவடு தேட வேண்டுமானால் கம்பளை தாண்டிப் புஸ்ஸல்லாவைக்கு ஏற வேண்டும்.

1840களின் தொடக்கத்தில் அங்கே வந்தவர்கள் மோரிஸ், கேப்ரியல் டி வோர்ம்ஸ் சகோதரர்கள். பிராங்பேர்ட் யூதர்கள். தாய், வங்கிக் குடும்பத்தை நிறுவிய மேயர் ஆம்ஷெல் ரொத்சைல்டின் மகள். காட்டை வாங்கி, கோப்பி போட்டு, தோட்டத்துக்குத் தாய்வீட்டுப் பெயரையே வைத்தார்கள். காட்டை வெட்டியவர்கள் யார் என்பது இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரியும்: மன்னாரில் கரையேறி, தம்புள்ளை, மாத்தளை வழியே நடந்து வந்த நம்மவர்கள்.

மோரிஸ் சீனா போய்த் தேயிலைக் கன்றுகளையும் கொண்டுவந்து நட்டார். செடி நன்றாகவே வந்தது. கொழுந்தைப் பக்குவப்படுத்தத் தெரிந்த கைதான் இல்லை. 1859இல் வெளிவந்த தம் நூலில் எமர்சன் டெனன்டும் இதையே சொல்கிறார். சீனத்து ஆட்களை வைத்துச் செய்து பார்த்ததில் ஒரு றாத்தலுக்கு ஐந்து பவுண் செலவானதாம். கோப்பியில் காசு கொட்டிய காலத்தில் அதைத் தொடர யாருக்குப் பைத்தியம்? 1865இல் சகோதரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டார்கள். இரண்டே ஆண்டில் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1869இல் கோப்பியில் துருநோய் விழுந்தது. புகழ் முழுவதும் டெய்லருக்குப் போனது. நியாயம்தான்; நட்டவனைவிடத் தேயிலையைச் சந்தைக்கு ஏற்றியவன் பெயர்தானே நிற்கும்.

கண்டிக் கச்சேரியில் 1907இலிருந்து ஓராண்டு வேலை பார்த்த லெனார்ட் வுல்பும் யூதர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர். 1908இல் பிரான்சின் முன்னாள் பேரரசி யூஜெனி வந்தபோது தந்ததாதுவைக் காட்டும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. எனக்குத் தெரிந்து கண்டியில் ஒரு யூதர் முன்னின்று நடத்திய ஒரே சமயக் காரியம் அது. அதுவும் பௌத்த ஆலயத்தில்!

போன மாதம் புஸ்ஸல்லாவைக் கடைவீதியில் இறங்கி, பிளேன்டீ போட்டுக்கொண்டிருந்த பெரியவரிடம் ரொத்சைல்ட் யார் என்று கேட்டேன்.

"தோட்டத்தத் தொறந்த தொரை."

"தொரை இல்லீங்க. தொரையோட தாத்தா. அம்மாவப் பெத்தவரு."

"அப்ப அம்மா வழியா?" என்று சொல்லி, கோப்பையோடு சீனியையும் தள்ளி வைத்தார்.

(தொடரும்)