அரியாலை அணையும் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியில் வானம் வழங்கும் நீரே அந்நாட்டின் தலைமுதல். சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகள் வழியே மழைநீர் கீழிறங்கி, உவர்நீரின் மேல் நன்னீர்ப் படலமாக மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீற்றர் உயர்ந்து நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் கணக்கு. ஆகவே மேலே ஒரு சாண் குறைந்தால், கீழிருந்து உப்பு பல சாண் எழும்.

துலா மிதித்துப் பட்டையால் நீர் இறைத்த காலத்தில் மனித உழைப்பே இறைப்புக்கு எல்லையாயிற்று. இயந்திரங்கள் வந்தபின் அவ்வெல்லை நீங்கிற்று. தோட்டங்கள் செழித்தன, கிணறுகள் பல உவர்த்தன. ஒருவர் தம் கிணற்றில் மிகுதியாக இறைத்தால் அயலவர் கிணறும் உவர்க்கும். நிலத்துக்கு வேலி உண்டு. நிலத்தடி நீருக்கு வேலி இல்லை. தண்ணீர் தனியார் பொருளன்று, ஊர் கூடிக் காக்க வேண்டிய பொருள் என்ற உண்மையை யாழ்ப்பாணத்தார் இவ்வாறே கற்றனர்.

மழைநீரிற் பெரும்பகுதி கடலிற் கலப்பதைத் தடுக்க வழி உண்டா? குடாநாட்டின் நடுவே இரு கடனீரேரிகள் நீண்டு கிடக்கின்றன. வடமராட்சிக் கடனீரேரி வடக்கே தொண்டைமானாற்றில் கடலை அடைகின்றது. உப்பாற்றுக் கடனீரேரி தெற்கே அரியாலைக்கும் நாவற்குழிக்கும் இடையே யாழ்ப்பாணக் கடனீரேரியுடன் சேர்கின்றது. இவ்விரு வாய்களையும் கதவுகளால் அடைத்து, மாரி வெள்ளத்தைத் தேக்கி, உப்பை ஆண்டுதோறும் கழுவிவந்தால், கடனீரேரி நாளடைவில் நன்னீரேரியாகும். அயலிலுள்ள கிணறுகளும் இனிக்கும். தரவை நிலம் வயலாகும். 19ஆம் நூற்றாண்டிலேயே வட மாகாண அரசாங்க அதிபர் துவைனம் இத்தகைய எண்ணத்தை முன்வைத்தார்.

அவ்வெண்ணத்தை விரிந்த திட்டமாக்கியவர் நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம். 1954இல் அவர் முன்வைத்த திட்டம் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' எனப் பெயர் பெற்றது. குடாநாட்டின் மழையோடு அவர் நின்றுவிடவில்லை. வன்னியில் ஓடும் கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்தை நிரப்பியபின், எஞ்சிய வெள்ளம் ஆனையிறவுக் கடனீரேரியை அடைந்து சுண்டிக்குளம் வழியாகக் கடலிற் சென்று வீணாகின்றது. அவ்வெள்ளத்தைச் சுண்டிக்குளத்தில் மறித்து, ஏறக்குறைய 4 கிலோமீற்றர் நீளமான முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக் கடனீரேரிக்கும், அங்கிருந்து உப்பாற்றுக்கும் கொண்டுவருவதே திட்டம். மேலுள்ள உழவரின் பங்கைப் பறியாது, கடல் கொள்ளும் பங்கை மட்டும் கேட்டது அதன் சிறப்பு.

இச்சங்கிலியின் கடைசிக் கண்ணி அரியாலை. வன்னியிலிருந்து வரும் நீர் எத்துணை இனியதாயினும், அரியாலைக் கதவு பழுதானால் உப்போடு கலந்துவிடும். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் 1950களில் அணைகள் எழுந்தன. 1960களில் ஆனையிறவுப் பகுதியிலும் முள்ளியானிலும் வேலைகள் தொடங்கின. எனினும் அவை முற்றுப்பெறவில்லை. பின்னர் வந்த போர்க்காலத்தில் அணைகள் பேணுவாரின்றிச் சிதைந்தன. 2009க்குப் பின்னரே சீரமைப்பு நடைபெற்றது.

இதற்கிடையே மக்களின் தேவை வளர்ந்தது. இரணைமடுவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுவரும் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு வகுக்கப்பட்டபோது, கிளிநொச்சி உழவர் தம் சிறுபோக நெல்லுக்கு நீர் போதாது என எதிர்த்தனர். அவர்தம் அச்சம் பொருளற்றதன்று. குடாநாட்டாரின் தாகமும் பொய்யன்று. முடிவில், கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் வடமராட்சி கிழக்கில் தாழையடியில் அமைக்கப்பட்டு 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தருவது அதன் ஆற்றல். ஆயினும் அந்நீருக்கு மின்சாரச் செலவு உண்டு. கிணறுகளின் உவர்ப்பையும் அது தீர்க்காது.

அணைக் கதவை அடைத்தால் வயலுக்கு நன்மை. கடனீரேரியில் இறால் பிடித்து வாழ்பவருக்கோ கடல்நீர் வரவே வாழ்வு. எந்த நாளில் கதவைத் திறப்பது, எந்த நாளில் அடைப்பது என்பதை உழவரும் மீனவரும் அதிகாரிகளும் ஒருங்கிருந்து தீர்மானித்தாலன்றி அணை ஒருவருக்கு அரணாகவும் மற்றவருக்குச் சிறையாகவும் ஆகிவிடும்.

கல்லும் சீமெந்தும் அணையைக் கட்டலாம். அதைக் காப்பது மனிதர் ஒற்றுமையே. வன்னியும் குடாநாடும் ஒரே நீரின் இரு கரைகள். இதனை உணர்ந்து நடக்குங்கால், அரியாலையின் கதவுக்குள்ளே தேங்குவது மழைநீர் மட்டுமன்று. வருங்காலத் தலைமுறைகளின் வாழ்வுமாகும்.