கண்டியில் ஒரு சட்டமும் ஒரு நோயும்

1815ஆம் ஆண்டு கண்டியில் கைச்சாத்தான உடன்படிக்கையிலே, கண்டி மக்களின் நீதி பழைய முறைப்படியே நடத்தப்படும் என்று ஆங்கிலேயர் வாக்களித்தனர். அவ்வாக்கு எத்தனை நாள் நின்றது என்பது வேறு கதை. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவு, 'இயற்கைக்கு மாறான' உடலுறவைக் குற்றமாக்கியது. பின்னர்ச் சேர்ந்த 365அ பிரிவு ஆண்களிடையே நிகழும் உறவையே குறிவைத்தது.

1987இல் இலங்கையர் ஒருவரிடம் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டபோது, இச்சட்டம் வைத்தியத்துக்குக் குறுக்கே நின்றது. நோயாளி உண்மையை உரைத்தாலன்றோ வைத்தியர் வழி கூற முடியும்? கண்டியிலுள்ள அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் பரிசோதனை இலவசம், இரகசியமும் காக்கப்படும். ஆயினும் கம்பளையிலிருந்து வரும் இளைஞன் பேருந்திலே தன் மாமனைக் கண்டுவிட்டால், அவ்வாயிலை மிதிப்பானா?

1995இல் சட்டம் திருத்தப்பட்டது. தளர்த்துவதற்கன்று, பெண்களையும் உட்படுத்துவதற்கே! அவ்வாண்டே கொழும்பில் 'கம்பானியன்ஸ் ஒன் எ ஜேர்னி' என்னும் அமைப்புத் தோன்றி, இத்தகைய ஆண்களிடையே எயிட்ஸ் தடுப்புப் பணியைத் தொடங்கிற்று. 2023 மே மாதத்தில், இக்குற்றத்தை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என உயர் நீதிமன்றம் தீர்மானித்தது.

மருத்துவமோ முன்னே சென்றுவிட்டது. ஒழுங்காக மருந்துண்டு, குருதியிற் கிருமி கண்டறிய இயலாதவாறு குறைந்தவரிடமிருந்து உடலுறவினால் எச்.ஐ.வி. பிறருக்குத் தொற்றுவதில்லை.