ஆரோனின் தாடியும் அய்யங்குளத்து நாவிதரும்

தவக்காலத்தின் நாற்பது நாளும் தாடி வளர்ப்பது தமிழ்நாட்டுக் கத்தோலிக்க ஆடவர் பலரிடம் நெடுநாள் வழக்கம். சாம்பல் புதனன்று நின்ற சவரம், பெரிய சனிக்கிழமையன்றோ உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பின்னரோதான் தொடரும். முதல் வாரம் அரிப்பு. இரண்டாம் வாரம் எரிச்சல். மூன்றாம் வாரம் கண்ணாடியில் தெரிவது பிறர் முகம். நோன்பின் நோக்கத்தை நாம் மறந்தாலும், தாடி தன்னை மறக்கவிடாது.

சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு வளர்ந்த தாடியுடன், பெரிய வாரத்தின் இறுதியில், ஓர் அலுவலாகத் திருவண்ணாமலைக்குச் சென்றிருந்தோம். கோயிலுக்கு அருகில் ஒரு சிறிய முடிதிருத்தும் கடையில் அமர்ந்தோம். கடைக்காரர் எழுபதைக் கடந்தவர். கத்தியை எடுப்பதற்கு முன் நெடுநேரம் நீரைத் தொட்டுத் தொட்டு எம் முகத்தில் தேய்த்துக்கொண்டிருந்தார். விரைந்து முடிக்கும்படி வேண்டினோம். அவர் சொன்னார்: “அவசரப்படாதீங்க ஐயா. தாடி முரடு இல்லீங்க, காஞ்சு கிடக்குது. தண்ணிய ஊற விட்டா அதுவே வழிக்கு வரும்.” அந்நேரம் வாயிலில் நின்ற ஓர் இளைஞர், பேரனுக்குரிய வயதினர், “என்னடா, இன்னும் எவ்வளவு நேரம்டா?” என்று அம்முதியவரைப் பார்த்துக் கேட்டார். முதியவர் சிரித்தவாறே விடை சொன்னார். நாம் வாய் திறக்கவில்லை. அன்று காத்த அந்த மௌனமே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதற்கண் அவர் சொன்ன தொழில்நுட்பத்தைப் பார்ப்போம். அது முற்றிலும் உண்மை. முகமயிர் தலைமயிரைவிடத் தடித்தது. அதன் குறுக்குவெட்டு சீரான வட்டமாக இராது. தட்டையாகவும் கோணலாகவும் இருக்கும். தோலில் ஊறும் இயற்கை நெய் நீண்ட தாடியின் நுனிவரை சென்று சேர்வதில்லை. கத்தி பட்ட நுனி கூர்மையாக இருப்பதால் தொடக்க வாரங்களில் அது குத்தும். மழிக்க மழிக்க மயிர் தடிக்கும் என்று நம் ஊரில் நம்புவர். அது உண்மையன்று என்பதை 1928-இல் மில்ட்ரெட் டிராட்டர் என்னும் அமெரிக்க உடற்கூற்று அறிஞர் ஆய்ந்து காட்டினார்.

மயிர் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அப்புரத இழைகளை இறுக்கிப் பிடிக்கும் பிணைப்புகளுள் ஒரு வகையினை நீர் தளர்த்திவிடுகிறது. நீரை உறிஞ்சிய மயிர் பருத்து இளகுகிறது. வெந்நீராயின் விரைவில் இளகும். ஆகவே இரண்டு மூன்று நிமிடம் நீர் தொட்டுத் தேய்ப்பது வீண் காலம் அன்று. பாதித் தொழில் அதில்தான் முடிகிறது. தாடியை வைத்துக்கொள்ள விரும்புவோருக்கும் இதுவே முதற்பாடம். சிகைக்காயோ அரப்போ இட்டுக் கழுவி, ஈரம் முற்றும் உலருமுன் சில துளி எண்ணெயை உள்ளங்கையில் பரப்பி, வேரிலிருந்து நுனிவரை தடவி, அகன்ற பற்களுள்ள சீப்பால் வாரினால் எத்தகைய முரட்டுத் தாடியும் சில வாரங்களில் பணியும். நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் மயிரின் உள்ளேயே ஊடுருவுகிறது என்பதை ரேலே, மோஹிலே என்னும் இந்திய ஆய்வாளர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பாட்டிமார் அறிந்திருந்ததை ஆய்வுக்கூடம் பின்னர் அறிந்தது.

தாடிக்கு எண்ணெய் இடுதல் திருவிவிலியத்திற்குப் புதிதன்று. மோசே திருப்பொழிவு எண்ணெயை ஆரோனின் தலைமேல் வார்த்ததை லேவியர் நூல் கூறுகிறது. அந்த எண்ணெய் தலையினின்று தாடிக்கும், தாடியினின்று அங்கியின் கழுத்துப்பட்டைக்கும் வழிந்து இறங்கும் காட்சியை 133-ஆம் திருப்பாடல் தீட்டுகிறது. உடன்பிறந்தோர் ஒன்றித்து வாழும் வாழ்வுக்கு அதை உவமையாக்குகிறது. தாடியின் ஓரத்தைக் குறைக்க வேண்டாம் என்று லேவியர் 19-ஆம் அதிகாரம் விதிக்கிறது. தாவீதின் தூதர்களுக்கு அம்மோனிய மன்னன் பாதித் தாடியை மழித்து அனுப்பியபோது, அது வளரும்வரை எரிகோவிலேயே தங்கியிருக்குமாறு தாவீது சொல்லியனுப்பினார். அரசர் நலமே திரும்பும்வரை தாடியை ஒழுங்குசெய்யாதிருந்தார் மெபிபோசேத்து. எசாயா 50-இல் துன்புறும் ஊழியன் தன் தாடியைப் பிடுங்குவோருக்குத் தாடையைக் காட்டுகிறான். பெருமை, அவமானம், துக்கம், பொறுமை ஆகிய நான்கையும் தாடியில் எழுதிய மக்கள் அவர்கள். ஆனால் நாவிதரைக் குறிக்கும் எபிரேயச் சொல் பழைய ஏற்பாட்டில் ஒரேயொரு முறைதான் வருகிறது. எசேக்கியேல் 5-ஆம் அதிகாரத்தில், அதுவும் அவருடைய கத்தியைச் சுட்டுவதற்காக! தாடி பேசப்படுகிறது; அதைத் தொடும் கை பேசப்படுவதில்லை.

திருவண்ணாமலையின் அண்மைக்கால வரலாற்றிலும் இதனைக் காணலாம். 1896 செப்டம்பர் 1-ஆம் நாள், வேங்கடராமன் என்னும் பதினாறு வயதுச் சிறுவன் மதுரையிலிருந்து இவ்வூருக்கு வந்து சேர்ந்தான். கோயிலை விட்டு வெளியே வந்தவனிடம் எவரோ ஒருவர், “குடுமி எடுக்க வேண்டுமா?” என்று வினவினார். அய்யங்குளக் கரையில் ஒரு நாவிதர் அவன் தலையை மழித்தார். எஞ்சியிருந்த மூன்று ரூபாய்ச் சொச்சமும், தின்பண்டப் பொட்டலமும், பூணூலும் குளத்தில் வீசப்பட்டன. மழித்தபின் குளிக்க வேண்டும் என்பது வழக்கம், அச்சிறுவன் குளிக்கவில்லை, கோயிலுக்குத் திரும்பும் வழியில் மழையே அவனை நனைத்தது. பின்னாளில் இரமண மகரிஷி என உலகம் அறிந்தவர் அவர். நாம் படித்த வரலாறுகள் பொட்டலத்தைச் சொல்கின்றன, காசைக் கணக்கிடுகின்றன, மழையையும் மறக்கவில்லை. அந்த முதல் துறவுச் சடங்கைத் தம் கையால் செய்த நாவிதரின் பெயரை மட்டும் சொல்வதில்லை.

அதே ஊர் தாடியையும் கண்டது. 1959-இல் இங்கு வந்து தங்கி, 2001 பிப்ரவரி 20-இல் மறைந்த யோகி இராம்சுரத்குமாரை மக்கள் விசிறி சாமியார் என்றே அழைத்தனர். கையில் பனையோலை விசிறி, முகத்தில் நரைத்த நீண்ட தாடி. நம் திருச்சபையைச் சார்ந்த ஒருவரும் இம்மலையில் தாடியுடன் அமர்ந்திருந்தார். பிரான்சு நாட்டுப் பெனடிக்டு சபைத் துறவி ஆன்றி லெ சோ, 1948-இல் இந்தியாவுக்கு வந்தார். 1949 தொடக்கத்தில் அருட்தந்தை மொன்ஷானேனுடன் இரமணரைக் காண வந்தார். 1950 மார்ச் 21-இல் குளித்தலை அருகே இருவரும் சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கினர். அபிஷிக்தானந்தர் என்னும் பெயர் பூண்ட அவர், 1952 முதல் பலமுறை அருணாசலக் குகைகளில் மௌனம் காத்தார். ஒருவருக்கு மழித்தல் துறவு. மற்றொருவருக்கு வளர்த்தல் துறவு. இவ்விரண்டுமே வேண்டா, உலகம் பழிக்கும் ஒழுக்கக்கேட்டை விட்டொழித்தலே போதும் எனத் திருவள்ளுவர் கூடாவொழுக்க அதிகாரத்தின் கடைசிக் குறளில் வழக்கைத் தீர்த்துவைத்தார்.

திருச்சபையும் இவ்வழக்கில் ஒரு பக்கம் நின்றதில்லை. இலத்தீன் குருக்கள் பெரும்பாலும் மழித்தனர். கப்புச்சின் சபையினர் தாடியைத் தவத்தின் அடையாளமாகக் கொண்டனர். 1527-இல் உரோமை நகர் சூறையாடப்பட்ட துயரில் திருத்தந்தை ஏழாம் கிளமெந்து தாடி வளர்த்தார். அதன்பின் ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகள் திருத்தந்தையர் தாடியுடன் விளங்கினர். 1700-இல் மறைந்த பன்னிரண்டாம் இன்னொசெந்துவே தாடி வைத்த கடைசித் திருத்தந்தை. தமிழகத்திலோ தாடியை விடக் குடுமியே பெரும் சிக்கலானது. மதுரையில் தத்துவ போதகர் எனப்பட்ட இராபர்ட் தெ நோபிலி, மனம்மாறிய பிராமணர் குடுமியும் பூணூலும் சந்தனமும் வைத்துக்கொள்ளலாம் என வாதிட்டார். 1623 சனவரி 31-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, மூடநம்பிக்கை நீங்குமாயின் அவற்றை வைத்துக்கொள்ளலாம் என இசைந்தார். அந்த ஆணையை நினைவுகூர்வோர் குடுமியோடு நின்றுவிடுகிறார்கள். அதே ஆணையில், உயர்குலப் பெருமை பேசுவோர் எளிய குலத்தாரை, சிறப்பாக ஆலயத்திலும் திருவருட்சாதனங்களிலும், இகழலாகாது என்று திருத்தந்தை கெஞ்சி வேண்டியதை நாம் நினைப்பதில்லை. மயிரைப் பற்றிய பகுதி நிறைவேறிற்று. மனிதரைப் பற்றிய பகுதி இன்னும் காத்திருக்கிறது.

இனி அந்தக் கையின் வரலாற்றுக்கு வருவோம். தமிழ்நாட்டில் நாவிதர் குலத்தார் தம்மை மருத்துவர் என்றே அழைத்துக்கொள்கின்றனர்; அது வெறும் புகழ்ச்சிப் பெயர் அன்று. அவர்கள் கட்டி கீறி மருந்திட்டதையும், அக்குலப் பெண்டிர் மகப்பேறு பார்த்ததையும் எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூல் பதிவு செய்கிறது. கத்தியும் சாணைக்கல்லும் நகவெட்டியும் கண்ணாடியும் அடங்கிய அடைப்பமே ஊரின் மருத்துவப் பேழையாகவும் இருந்தது. பிறக்கும்போது முதற்கை அவர் வீட்டுப் பெண்ணின் கை. இறந்த வீட்டிலும் அவர் கை வேண்டும். ஆயினும் ஊர்ப் பந்தியில் அவருக்கு இடமில்லை. வேலை முடிந்ததும் தீட்டுக் கழியக் குளித்தனர். தீட்டு என்று கருதியது வெட்டிய மயிரை மட்டுமா, தொட்ட மனிதரையுமா?

ஐரோப்பாவிலும் இத்தொழில் இவ்வாறே இரு முகம் கொண்டிருந்தது. 1215-இல் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம், திருப்பட்டம் பெற்றோர் அறுத்தும் சுட்டும் செய்யும் சிகிச்சையில் ஈடுபடலாகாது எனத் தடுத்தது. இத்தகைய சிகிச்சை நாவிதரின் கைத்தொழிலாகவே நிலைத்தது. அந்த மரபில் வந்த ஒருவரைத் திருச்சபை பீடத்தில் ஏற்றியிருக்கிறது. 1579-இல் பெரு நாட்டு லீமா நகரில், இசுபானியப் பிரபுவுக்கும் விடுதலை பெற்ற கறுப்பினப் பெண்ணுக்கும் பிறந்தவர் மார்ட்டின் தெ போரஸ். பன்னிரண்டு வயதில் ஒரு நாவித மருத்துவரிடம் தொழில் பழகினார். தொமினிக்கன் மடம் அவருடைய நிறத்தின் பொருட்டு முதலில் பணியாளராகவே ஏற்றது. அங்கே துறவியரின் தலையை மழித்தார். நோயாளரின் புண்ணைக் கழுவினார். தெருவில் கிடந்தோரைத் தம் அறைக்குத் தூக்கிவந்தார். 1639 நவம்பர் 3-இல் மறைந்த அவரை, 1962 மே 6-இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் புனிதராக அறிவித்தார். முடிதிருத்துவோரின் பாதுகாவலர் அவர். நம் பங்குகளில் எத்தனை பேருக்கு அவர் திருநாள் தெரியும்?

மற்றொரு உண்மையையும் மறைத்தல் ஆகாது. இழிவுபடுத்தப்பட்டவரின் கடையே இன்னொருவரை இழிவுபடுத்தும் இடமாகவும் ஆயிற்று. 1955 சூன் 1-இல் நடைமுறைக்கு வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம், கடை என்பதற்கு விளக்கம் கூறுகையில் முடிதிருத்தும் நிலையத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. சட்டம் அவ்வாறு சொல்ல நேர்ந்ததே நம் சமுதாயத்தின் மீதான குற்றப்பத்திரிகை. தலித் மக்களுக்கு முடிவெட்ட மறுத்தவர் பலர், ஊர்ப் பெரியோரின் மிரட்டலுக்கு அஞ்சியே மறுத்தனர். மேலே இருப்பவர் இகழ, நடுவில் இருப்பவர் அந்த இகழ்ச்சியைக் கீழே இறக்கிவைத்தார். ஆரோனின் எண்ணெய் தலையினின்று அங்கிவரை இறங்கியது. நம் ஊரில் அவ்வாறு இறங்கியது அவமதிப்பு. இதில் கிறித்தவர் என்னும் பெயர் எவரையும் காத்துவிடவில்லை. கல்லறையில் தனியிடம் வைத்த நாம், கடையில் மட்டும் நீதி கேட்பது எவ்வாறு?

வேளாங்கண்ணியில் அன்னைக்கு முடி காணிக்கை செலுத்துவோர் நம்மில் பலர். அங்கும் ஒருவர் குனிந்து நம் குழந்தையின் தலையை ஈரப்படுத்துகிறார். அழுகிற பிள்ளையைப் பேச்சுக்கொடுத்துத் தேற்றுகிறார். ஒரு கீறலும் படாமல் மழிக்கிறார். வேண்டுதல் நம்முடையது, நிறைவேற்றும் கை அவருடையது. அந்தக் கைக்கு உரிய கூலியோடு உரிய சொல்லும் தரவேண்டும் அன்றோ?

அந்தத் திருவண்ணாமலைக் கடையில் நாம் இழந்த வாய்ப்பு மிகச் சிறியது. “பெரியவரை மரியாதையாகப் பேசு, தம்பி” என்னும் நான்கு சொற்கள். நாற்பது நாள் தாடி வளர்த்த நமக்கு அந்த நான்கு சொற்கள் வரவில்லை. நோன்பு முகத்தில் வளர்ந்தது, நாவுக்கு எட்டவில்லை. சவரம் முடிந்தபின் படிகாரத்தைத் தடவிய அவர், “நல்லா இருக்குதா ஐயா?” என்று கேட்டார். காசைக் கொடுத்துவிட்டு வந்தோம், நன்றிகூடச் சொல்லவில்லை.

அடுத்த தவக்காலத்திலும் நாம் தாடி வளர்ப்போம், அதில் தவறில்லை. எண்ணெயிட்டு, நீரில் ஊறவைத்து, அதனை மென்மையாக்குவோம். ஆனால் காய்ந்து முரடாகிக் கிடப்பது தாடி மட்டுமன்று என்பதை அம்முதியவரின் சொல் நமக்கு நினைவூட்டட்டும். உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய நாள் கடையில் அமரும்போது, அவருடைய பெயரைக் கேட்போம்; அவரை ‘ஐயா’ என்று அழைப்போம்; வேறெவரேனும் அவரை ஒருமையில் விளித்தால் அவ்விடத்திலேயே திருத்துவோம். 133-ஆம் திருப்பாடல் பாடும் ஒன்றிப்பு அந்த நாற்காலியிலிருந்தும் தொடங்கலாம்.